சர்வரில் ஃபார்வர்ட் முகவரிகள்: சில மெயில் வருகிறது, சில வருவதே இல்லை

#1 தேன்சிட்டு

வணக்கம். ஒரு சிறிய சங்கத்தின் இணையதளத்தோடு மெயிலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்), டெபியன் லினக்ஸ், மெயிலுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள். அமைத்துக்கொடுத்தவர் விலகிப் போய்விட்டார், குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

சர்வரில் யாருக்கும் தனி மெயில் பெட்டி கிடையாது. செயலாளர்@, பொருளாளர்@, தொடர்பு@ என்று பதவிப் பெயரில் முகவரிகள் இருக்கின்றன. அந்தந்தப் பதவியில் இருப்பவரின் சொந்த மெயிலுக்கு அவை ஃபார்வர்ட் ஆகின்றன. எல்லாம் வர்ச்சுவல் கோப்பில் வரிவரியாக இருக்கிறது.

இப்போது மூன்று விதமாகத் தொல்லை. புதிதாகத் தலைவர்@ என்று ஒரு வரி சேர்த்தேன், அது வேலையே செய்யவில்லை. செயலாளர்@ முகவரிக்கு நானே அனுப்பிப் பார்த்தால் என் பெட்டிக்கு வருவதில்லை (இப்போதைக்குச் செயலாளரும் நான்தான்). நண்பர்கள் அனுப்புவது பெரும்பாலும் வருகிறது, ஆனால் வங்கியும் பெரிய நிறுவனங்களும் அனுப்புவது வருவதில்லை. கோப்பில் எழுதியது தப்பா, வேறு எங்கே பார்க்க வேண்டும்?

#2 நடுநிசி

கோப்பை விடுங்கள், முதலில் லாகைப் பாருங்கள். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் மெயில்.லாக். அந்தக் கோப்பு இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் கடைசியில் ஸ்டேட்டஸ் என்று ஒரு சொல் இருக்கும். சென்ட் என்றால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது. டிஃபெர்டு என்றால் வரிசையில் நிற்கிறது, மறுபடி முயலும். பவுன்ஸ்டு என்றால் திருப்பிவிட்டார்கள். காரணமும் அதே வரியிலேயே இருக்கும்.

இரண்டாவது தொல்லைக்கு மட்டும் லாக் பார்க்காமலே பதில் சொல்லலாம். உங்கள் ஜிமெயிலிலிருந்து அனுப்பி, அது சுற்றிக்கொண்டு அதே ஜிமெயிலுக்கே வருகிறதா? அப்படியானால் வந்ததாகக் காட்டாது. மெசேஜ்-ஐடி (மெயிலின் அடையாளக் குறி) ஒன்றே என்பதால், அனுப்பியவற்றில் ஏற்கெனவே இருக்கும் மெயிலின் நகலாகவே அதைக் கொள்ளும். நிறையப் பேர் இதில் மாட்டிக்கொண்டு நல்ல அமைப்பைப் பிரித்துப் போடுகிறார்கள். சோதனைக்கு வேறு கணக்கிலிருந்து அனுப்புங்கள்.

#3 தேன்சிட்டு

நன்றி. வேறு கணக்கிலிருந்து அனுப்பினேன், வந்துவிட்டது. ஒன்று தீர்ந்தது.

லாகில் தலைவர்@ முகவரிக்கு, வர்ச்சுவல் அலையஸ் அட்டவணையில் அப்படி ஒரு பயனர் இல்லை என்று வருகிறது. ஆனால் கோப்பைத் திறந்தால் வரி இருக்கிறது!

வங்கி மெயில்களுக்கு 550 5.7.26 என்ற எண்ணோடு திரும்பியிருக்கிறது. அனுப்பியவர் டொமைனின் டிமார்க் கொள்கைப்படி ஏற்க முடியாது என்கிறது. அனுப்பியது வங்கி, மறுப்பது என் சொந்த மெயில் சேவை. நடுவில் நாங்கள் என்ன செய்தோம்?

#4 கறுப்புத்திரை

தலைவர்@ விஷயம் சின்னது. போஸ்ட்ஃபிக்ஸ் நீங்கள் திருத்தும் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை, அதிலிருந்து உருவான அட்டவணையைத்தான் படிக்கும். திருத்தியதும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். அலையசஸ் கோப்பைத் திருத்தினால் நியூஅலையசஸ். அங்கே இருக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள்: ஒரே டொமைன் மைடெஸ்டினேஷன் வரியிலும் வர்ச்சுவல் அலையஸ் டொமைன்ஸ் வரியிலும் இருக்கக் கூடாது. இருந்தால் லாகில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போது 5.7.26. ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் மெயில் ஃப்ரம் ஒன்று. இதைத்தான் உறை முகவரி என்கிறோம், பவுன்ஸ் இங்கேதான் திரும்பும். மற்றது படிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் வரி. சாதாரண ஃபார்வர்டில் போஸ்ட்ஃபிக்ஸ் பெறுநரை மட்டும் மாற்றும். அனுப்புநர் இரண்டு இடத்திலும் வங்கியாகவே இருக்கும்.

அந்த மெயில் உங்கள் சர்வரிலிருந்து கிளம்பிச் செயலாளரின் சேவைக்குப் போகிறது. எஸ்பிஎஃப் சோதனை, உறை முகவரியின் டொமைன் இந்த ஐபியிலிருந்து அனுப்ப அனுமதித்திருக்கிறதா என்று கேட்கும். வங்கியின் பட்டியலில் உங்கள் ஐபி எப்படி இருக்கும்? தோல்வி. எஸ்பிஎஃப் வடிவமே அப்படி, ஃபார்வர்ட் செய்தால் உடையும்.

அதனால்தான் டிகிம் முக்கியம். அது ஐபியைப் பார்ப்பதில்லை. மெயிலின் உடலுக்கும் தேர்ந்தெடுத்த தலைப்பு வரிகளுக்கும் போட்ட கையெழுத்து அது. எத்தனை சர்வர் தாண்டினாலும், உள்ளடக்கத்தில் கை வைக்காதவரை செல்லும். டிமார்க் என்பது, சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று ஃப்ரம் வரியின் டொமைன் அறிவிக்கும் கொள்கை. அது கேட்பது இரண்டில் ஒன்றுதான்: ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்துகிற மாதிரி எஸ்பிஎஃப் தேற வேண்டும், இல்லையென்றால் டிகிம் தேற வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் டிகிம் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆக, ஃபார்வர்ட் செய்தாலும் அந்த மெயில் தேறியிருக்க வேண்டும்.

தேறவில்லை. அதனால் ஒரு கேள்வி: உங்கள் சர்வர் போகிற போக்கில் மெயிலில் எதையாவது சேர்க்கிறதா? அடிக்குறிப்பு, சப்ஜெக்டில் அடைப்புக்குறி, ஏதாவது?

#5 தேன்சிட்டு

சப்ஜெக்டில் "[சங்கம்]" என்று சேர்கிறது! எல்லா மெயிலிலும். எது பதவிக்கு வந்தது, எது சொந்தக் கடிதம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக முன்பு இருந்தவர் வைத்தது போல. ஹெடர் செக்ஸ் கோப்பில் ஒரு ரீப்ளேஸ் விதி இருக்கிறது.

#6 கறுப்புத்திரை

அதுதான். சப்ஜெக்ட் பெரும்பாலும் டிகிம் கையெழுத்துக்குள் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. எஸ்பிஎஃப் ஃபார்வர்டால் போயிற்று, டிகிம் சப்ஜெக்டால் போயிற்று, வங்கியின் டிமார்க் கொள்கை ரிஜெக்ட். மறுத்தவர் மேல் தப்பே இல்லை.

நண்பர்கள் மெயில் ஏன் வருகிறது என்பதற்கும் பதில் இதுவே. ஜிமெயில்.காம் டொமைனின் டிமார்க் கொள்கை நன், அதாவது தோற்றாலும் அந்தக் காரணத்துக்காக மறுக்கச் சொல்லவில்லை. யாஹூ 2014 ஏப்ரலில் ரிஜெக்டுக்கு மாறியபோது உலகம் முழுக்க மெயிலிங் லிஸ்டுகள் கலங்கிப்போனது இதே காரணத்தால்தான். அவையும் சப்ஜெக்டில் பட்டியல் பெயர் சேர்ப்பவை.

விதியை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். எது பதவி மெயில் என்று பிரிக்க, டூ வரியில் செயலாளர்@ அப்படியே இருக்கிறதே. பெறுபவர் தன் கணக்கில் அதை வைத்து ஒரு ஃபில்டர் போட்டு லேபிள் ஒட்டிக்கொள்ளட்டும். மெயிலுக்குள் நாம் கை வைக்க வேண்டியதில்லை.

#7 எட்டாம்நம்பர்

எல்லாம் சரி, அடிப்படையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிக் கணக்குக்கு ஃபார்வர்ட் செய்வதே வேண்டாம் என்பவன் நான்.

ஃபார்வர்ட் செய்யும்போது உங்கள் சர்வர்தான் அனுப்புநர். செயலாளர்@ முகவரி இணையதளத்தில் பளிச்சென்று இருக்கும், அதற்கு வரும் ஸ்பேம் முழுவதையும் நீங்கள் உங்கள் ஐபியிலிருந்து மறு சேவைக்குத் தள்ளுகிறீர்கள். அவர்கள் பார்வையில் ஸ்பேம் அனுப்புவது நீங்கள்தான். செயலாளர் அதை "ஸ்பேம்" என்று அழுத்தினால் புகாரும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கொஞ்ச நாளில் நல்ல மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம்: பதவி மாறும்போது பழைய கடிதங்கள் யாரிடம் இருக்கும்? போனவரின் சொந்தக் கணக்கில். புதிய பொருளாளருக்கு ஒரு ரசீது வேண்டுமென்றால் பழையவரைக் கெஞ்ச வேண்டும். டவ்காட் (மெயில் பெட்டி மென்பொருள்) போட்டு, பதவிக்கு ஒரு பெட்டி வைத்து, ஐமேப் வழியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆள் மாறினால் கடவுச்சொல்லை மாற்றினால் போதும்.

#8 நடுநிசி

எட்டாம்நம்பர் சொல்வது சட்டப்படி சரி, நடப்பில் ஓடாது. சம்பளம் இல்லாமல் பதவியில் இருப்பவரிடம் இன்னொரு பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள் என்றால் முதல் வாரம் பார்ப்பார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பதில் வராது. "மெயில் அனுப்பினோமே" என்று திட்டு வாங்குவது நிர்வாகி. சொந்த மெயிலுக்கே வந்து விழுந்தால்தான் படிப்பார்கள். ஃபோனில் இன்னொரு கணக்கைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா என்று கேட்காதீர்கள், ஆமாம், கஷ்டம்தான்.

ஜிமெயில் தானே பாப் வழியாகப் பெட்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது, பலருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதையும் கைவிடப்போவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. ஃபார்வர்டை ஒழுங்காகச் செய்வதுதான் மிச்சம்.

#9 எட்டாம்நம்பர்

சரி, அப்படியென்றால் இரண்டையும் செய்யுங்கள். வர்ச்சுவல் வரியில் இடப்பக்கம் பதவி முகவரி, வலப்பக்கம் சர்வரிலேயே ஒரு பெட்டி, காற்புள்ளி, அப்புறம் வெளிமுகவரி. நகல் சங்கத்திடம் இருக்கும், படிப்பது அவர் வசதி. டவ்காட் இருந்தால் சீவ் என்ற மெயில் வடிகட்டும் விதியில் ரீடைரக்ட் காப்பி என்று போட்டும் இதையே செய்யலாம். அதில் ஒரு கூடுதல் லாபம், ஸ்பேம் என்று குறிபட்டதை வெளியே அனுப்பாமல் உள்ளேயே நிறுத்த முடியும். நான் விட்டுக்கொடுப்பது இதுவரைதான்.

#10 தேன்சிட்டு

சப்ஜெக்ட் விதியை எடுத்ததும் வங்கி மெயில் வந்துவிட்டது! போஸ்ட்மேப் ஓட்டியதில் தலைவர்@ கூட உயிர்பெற்றது. நகல் பெட்டி யோசனை எங்கள் பொருளாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் தேடும்போதெல்லாம் ஃபார்வர்ட் என்றாலே எஸ்ஆர்எஸ் போடு என்று எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்யும் போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி மென்பொருளை நிறுவட்டுமா? டிகிம் தேறினால் போதும் என்றால் அது எதற்கு?

#11 கறுப்புத்திரை

நல்ல கேள்வி. எஸ்ஆர்எஸ் உறை முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும். வடிவம் ஏறக்குறைய இப்படி:

எஸ்ஆர்எஸ்0=சரிபார்ப்புக்குறி=நாள்=வங்கிடொமைன்=அனுப்பியவர்@சங்கடொமைன்

பவுன்ஸ் திரும்பினால் உங்களிடம் வரும், நீங்கள் அதைப் பிரித்து உண்மையான அனுப்புநருக்கு அனுப்புவீர்கள். சரிபார்ப்புக்குறியும் நாளும் இருப்பதால் வேறு யாரும் பொய்யாக முகவரி செய்து உங்கள் வழியாகத் தள்ள முடியாது. இப்போது எஸ்பிஎஃப் தேறும், ஆனால் உங்கள் டொமைனுக்குத் தேறும். ஃப்ரம் வரியில் வங்கி இருப்பதால் டிமார்க்குக்கு அந்தத் தேர்ச்சி கணக்கில் வராது. எஸ்ஆர்எஸ் போட்டாலும் டிமார்க்கைக் காப்பாற்றுவது டிகிம் மட்டுமே. இணையத்தில் பாதிப் பதிவுகள் இதைச் சொல்வதில்லை.

அப்படியும் பயன் உண்டு. டிகிம் இல்லாமல் எஸ்பிஎஃப் மட்டும் கறாராக வைத்திருக்கும் பழைய டொமைன்கள் இருக்கின்றன. ஜிமெயிலோ 2024 பிப்ரவரியிலிருந்து யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட டொமைனிலிருந்து வருவதை ஃபார்வர்ட் செய்ய எஸ்ஆர்எஸ் இல்லாமல் வழியில்லை.

போட்டால் ஓர் இடத்தில் மட்டும் கவனம். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் அனுப்புநர் கனானிகல் மேப்பை போஸ்ட்எஸ்ஆர்எஸ்டிக்குத் திருப்பும்போது, கனானிகல் கிளாஸை என்வலப் சென்டர் என்று கட்டாயம் கட்டுப்படுத்துங்கள். விட்டுவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் ஃப்ரம் வரியையும் சேர்த்து மாற்றக்கூடும். படிப்பவருக்கு அனுப்பியவர் பெயருக்குப் பதில் அந்த நீள வால் தெரியும், டிகிமும் உடையும். கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். மற்றபடி வெளியே போகாத மெயிலுக்கும் உறை மாறும். நகல் பெட்டியில் ரிட்டர்ன்-பாத் விசித்திரமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

#12 பழையபெட்டி

எஸ்ஆர்எஸ் இல்லாமல் ஒரு பழைய வழி இருக்கிறது, செண்ட்மெயில் என்ற பழைய மெயில் மென்பொருள் காலத்து வழக்கம், போஸ்ட்ஃபிக்ஸும் மதிக்கிறது. முகவரியை வர்ச்சுவலில் நேராக வெளியே விடாமல், அலையசஸ் கோப்பில் ஒரு பெயருக்குக் கொண்டுவந்து அங்கிருந்து வெளியே அனுப்புங்கள். அதே பெயருக்கு முன்னால் ஓனர்- என்று சேர்த்து இன்னோர் அலையஸ், அது நிர்வாகிக்கு. ஓனர் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் உறை முகவரியாக அதைப் போட்டு அனுப்பும். உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப் தேறும், பவுன்ஸ் நிர்வாகிக்கு வரும்.

கூடவே ஒரு நன்மை. சாதாரண ஃபார்வர்டில் செயலாளரின் கணக்கு நிரம்பி பவுன்ஸ் ஆனால், கடிதம் எழுதிய யாரோ ஒருவருக்கு அவருடைய சொந்த மெயில் முகவரி அந்த அறிவிப்பில் போய்ச் சேரும். பதவி முகவரி வைப்பதே சொந்த முகவரியை மறைக்கத்தானே. ஓனர் வழியில் அது வெளியே போகாது. விலை: அனுப்பியவருக்குத் தன் மெயில் சேரவில்லை என்றே தெரியாது, நிர்வாகிதான் கவனித்துச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து முகவரி உள்ள இடத்துக்கு இது போதும் என்பேன்.

#13 மழைக்கிளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் விபிஎஸ் இல்லை, பகிர்வு ஹோஸ்டிங், நிர்வகிப்பது சிபேனல் பலகை வழியாக. தொடர்பு@ முகவரிக்கு ஃபார்வர்டர் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து அனுப்பினால் வருகிறது, தளத்தில் உள்ள தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் காணாமல் போகிறது. பிழைச் செய்தியும் இல்லை. டொமைனின் மெயில் வேறு ஒரு சேவையில் இருக்கிறது, தளம் மட்டும் இங்கே.

#14 நடுநிசி

கடைசி வரியில் பதில் இருக்கிறது. சிபேனலில் ஈமெயில் ரௌட்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், லோக்கல் என்று இருக்கும். அதனால் தளம் அனுப்பும் மெயிலை அந்த சர்வர், "இந்த டொமைன் நம்முடையது" என்று டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலே உள்ளே போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து வருவது எம்எக்ஸைப் பார்த்து மெயில் சேவைக்குப் போகிறது. ரிமோட் என்று மாற்றுங்கள். ஃபார்வர்டரையும் அந்த மெயில் சேவையில்தான் வைக்க வேண்டும், சிபேனலில் இருப்பதை நீக்குங்கள், பிறகு குழப்பும்.

படிவத்தில் இன்னொன்றையும் பாருங்கள். நிரப்புபவரின் முகவரியை ஃப்ரம் வரியில் போட்டு அனுப்புகிறதா? அவர் யாஹூ முகவரி கொடுத்தால், யாஹூ பெயரில் உங்கள் சர்வர் அனுப்பும் போலி மெயில் அது. ஃப்ரம் எப்போதும் உங்கள் டொமைனில் ஒரு முகவரி, நிரப்பியவர் முகவரி ரிப்ளை-டூ வரியில். பதில் எழுதினால் சரியான ஆளுக்கே போகும்.

#15 மழைக்கிளி

ரிமோட் ஆக்கியதும் வந்துவிட்டது, நன்றி. படிவமும் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது, மாற்றிவிட்டேன்.

அங்கே டிஃபால்ட் அட்ரஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது. இல்லாத முகவரிக்கு வருவதையெல்லாம் ஒரே கணக்குக்கு அனுப்பலாம் போல. எழுத்துப்பிழையோடு வருவதும் சேருமே, போட்டு வைக்கட்டுமா?

#16 எட்டாம்நம்பர்

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஸ்பேம் அனுப்புபவர்கள் அகராதியில் உள்ள பெயர்களையெல்லாம் டொமைனுக்கு முன்னால் ஒட்டி அனுப்பிப் பார்ப்பார்கள். எல்லாம் பிடிக்கும் முகவரி வைத்தால் அத்தனையும் உங்களுக்கு. அதை ஃபார்வர்டும் செய்தால், மேலே சொன்ன ஐபி கதைதான். பகிர்வு சர்வரில் அந்த ஐபி உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்துத் தளங்களும் சேர்ந்து அடிபடும்.

ஃபெயில் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு முகவரி இல்லை என்று இணைப்பிலேயே மறுத்துவிடும். எழுத்துப்பிழை செய்தவருக்கு உடனே தெரியும். பிளாக்ஹோல் என்று ஒன்று இருக்கும், அது வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் எறிவது. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார், எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. மூன்றாவது வழிதான் மோசம்: முதலில் வாங்கிக்கொண்டு பிறகு பவுன்ஸ் அனுப்புவது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி திருடப்பட்டதாக இருக்கும், சம்பந்தமே இல்லாத ஒருவர் பெட்டியில் உங்கள் பவுன்ஸ்கள் குவியும்.

ஆனால் போஸ்ட்மாஸ்டர்@ கட்டாயம் இருக்க வேண்டும், மெயில் பரிமாற்ற விதியான எஸ்எம்டிபி தரத்திலேயே அப்படித்தான். அப்யூஸ்@ கூட வைத்துவிடுங்கள். இரண்டும் யாராவது உண்மையில் படிக்கும் இடத்துக்குப் போகட்டும்.

#17 தேன்சிட்டு

ஓனர் வழியில் மாற்றிவிட்டேன், பவுன்ஸ் எல்லாம் எனக்கு வருகிறது. படிக்கவே சுவாரசியமாக இருக்கிறது, போன ஆண்டு விலகிய இருவருக்கு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

மிச்சம் இரண்டு. செயலாளர்@ முகவரிக்கு வந்ததற்குப் பதில் எழுதினால் என் சொந்த முகவரியிலிருந்துதான் போகிறது. இன்னொன்று, சில மெயில்கள் 421 என்று டிஃபெர்டு ஆகி, மணிக்கணக்கில் கழித்துச் சேர்கின்றன.

#18 கறுப்புத்திரை

பதில் எழுத: ஃபார்வர்ட் என்பது உள்வரும் பாதை மட்டும். வெளியே போக, 587 போர்ட்டில் கடவுச்சொல் கேட்கும் சமர்ப்பிப்புச் சேவையைத் திறந்து, செயலாளர்@ பெயரில் பயனர் கொடுங்கள். சொந்த மெயில் கணக்கில் "இந்த முகவரியாக அனுப்பு" என்ற அமைப்பில் அந்த விவரத்தைப் போட்டால் உங்கள் சர்வர் வழியாகவே கிளம்பும். அதற்கு உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவும் டிகிம் கையெழுத்தும் வேண்டும், ஐபிக்குப் பெயர் காட்டும் பிடிஆர் பதிவும் வேண்டும். கையெழுத்திட ஓப்பன்டிகிம் அல்லது ஆர்ஸ்பாம்டி, எது பழக்கமோ அது. பதவி மாறும்போது இந்தக் கடவுச்சொல்லையும் மாற்ற மறக்காதீர்கள். வர்ச்சுவல் வரியை மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், பழைய செயலாளர் சங்கத்தின் பெயரில் தொடர்ந்து எழுத முடியும்.

421 தற்காலிக மறுப்பு, வேகத்தைக் குறை என்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள் தள்ளும் ஸ்பேம்தான் காரணம். எட்டாம்நம்பர் பயமுறுத்தியது இதைத்தான். ஃபார்வர்டுக்கு முன்னாலேயே வடிகட்டுங்கள்: வாசலில் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்ஸ்க்ரீன், உள்ளே ஸ்பேமுக்கு மதிப்பெண் போடும் ஆர்ஸ்பாம்டி. மதிப்பெண் அதிகமானதை இணைப்பிலேயே மறுத்துவிடுங்கள், சந்தேகத்துக்குரியதை நகல் பெட்டியோடு நிறுத்துங்கள், வெளியே விட வேண்டாம். ஆர்ஸ்பாம்டியில் ஆர்க் முத்திரை போடும் வசதியும் உண்டு. மெயில் உங்களிடம் வந்தபோது சோதனைகளில் தேறியதா என்பதைக் கையெழுத்திட்டு அடுத்தவருக்குச் சொல்வது அது. 2019இல் ஆர்எஃப்சி 8617 ஆக வந்தது. அடுத்தவர் உங்களை நம்பினால்தான் அதற்கு மதிப்பு, நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தாலும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

#19 பழையபெட்டி

தேன்சிட்டு, விலகிய இருவர் என்றதும் ஞாபகம் வந்தது. அலையசஸ் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே # குறியிட்டு, யார் கேட்டு எந்த மாதம் சேர்த்தது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவை, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் உறுப்பினர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து செயலாளர்@ முகவரிக்குத் தானியங்கி ஃபார்வர்ட் எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் மெயில் சுற்ற ஆரம்பிக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் டெலிவர்டு-டூ வரியைப் பார்த்து, ஏற்கெனவே இந்த வழியாக வந்ததுதான் என்று கண்டால் நிறுத்திவிடும். நடுவிலுள்ள சேவை அந்த வரியை அழித்தால் ஐம்பதாவது ரிசீவ்டு வரியைத் தாண்டும் வரை சுற்றும்.

#20 தேன்சிட்டு

ஆர்ஸ்பாம்டி போட்டாயிற்று, வரிசை காலியாக இருக்கிறது. 421 இன்று ஒன்றும் வரவில்லை. குறிப்புகள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். விளம்பரம்@ என்று ஒரு முகவரி இருக்கிறது, யார் கேட்டது என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. லாகில் தேடினால் நல்ல மெயில் ஒன்றுகூட அதற்கு வந்ததாகக் காணோம். எடுத்துவிடுகிறேன், யாராவது சத்தம் போட்டால் ஒரு வரிதானே, திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.